தெருமுனைப் பெட்ரோல் பங்க்: அளவு சரி, இடம் சரியில்லை

இந்த மதிப்புரையைப் படிப்பவர்களிடம் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் எழுதப் போகும் பெட்ரோல் பங்க் எங்கள் தெருமுனையில் வரவே கூடாது என்று மனு எழுதிக் கையெழுத்து வாங்கியவர்களில் நானும் ஒருவன். பங்க் திறந்து 14 மாதங்கள் ஆகின்றன. இப்போது என் ஸ்கூட்டருக்கு அங்கேதான் பெட்ரோல் போடுகிறேன். இதில் முரண் இருப்பதாக என் மனைவியே சொல்கிறார், இருக்கட்டும். எதிர்த்தவன் என்பதால் குறையை மட்டும் எழுதவும் மனம் வரவில்லை, வாடிக்கையாளன் என்பதால் எதிர்த்த காரணங்களை மறக்கவும் முடியவில்லை. எண்ணெய் நிறுவனத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் தவிர்த்திருக்கிறேன். பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் ஒரு நகரத்தின் விளிம்பில், நாற்பதடிச் சாலையும் எங்கள் குடியிருப்பும் சந்திக்கும் முனை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் முன்பு ஒரு மரவாடி இருந்தது.

வாடிக்கையாளனாக என் அனுபவத்தை முதலில் சொல்கிறேன். எட்டு பம்புகள் கொண்ட பெரிய பங்க் இது. இரு சக்கர வாகனங்களுக்குத் தனி வரிசை உண்டு. நாசிலை எடுப்பதற்கு முன் "ஜீரோ பார்த்துக்கோங்க சார்" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறார்கள். சொல்லாமல் போட்ட நாள் எனக்கு நினைவில்லை. திறந்த மூன்றாம் மாதத்தில், சந்தேகத்தின் பேரில்தான், ஐந்து லிட்டர் அளவைப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொன்னேன். வாடிக்கையாளர் கேட்டால் முத்திரையிட்ட அந்தக் கூம்புப் பாத்திரத்தில் அளந்து காட்ட வேண்டியது ஒவ்வொரு பங்க்கின் கடமை. ஐந்து லிட்டருக்கு 25 மில்லி வரைதான் கூடவோ குறையவோ அனுமதி. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். மேலாளர் முகம் சுளிக்கவில்லை. பாத்திரத்தைச் சமதளத்தில் வைத்து, கழுத்துக் கண்ணாடியில் இருந்த கோட்டை என்னையே குனிந்து பார்க்கச் சொன்னார். கோட்டிற்கு ஒரு நூல் கீழே நின்றது, அனுமதித்த எல்லைக்குள்தான். 110, 210 என்று முழு நூறாக இல்லாத தொகைக்குப் போட்டால் ஏமாற்ற முடியாது என்று நம்பி எங்கள் தெருவில் பாதிப் பேர் அப்படியே கேட்கிறார்கள். அந்த நம்பிக்கைக்கு அடிப்படை எதுவும் இல்லை. சந்தேகம் இருப்பவர்கள் பாத்திரத்தைக் கேட்பதே முறை.

தரத்தைப் பொறுத்தவரை, அன்றைய அடர்த்தியை எழுதி வைக்கும் பதிவேட்டைக் கேட்டேன், காட்டினார்கள். பெட்ரோலின் அடர்த்தி 15 டிகிரி வெப்பத்திற்குக் கணக்கிட்டு ஒரு கனமீட்டருக்கு 720 முதல் 775 கிலோ வரை இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், லாரியில் வந்தபோது பதிவான எண்ணுக்கும் இப்போது அளக்கும் எண்ணுக்கும் 3-க்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. வடிதாளில் ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொன்னால் அதையும் செய்கிறார்கள். இரண்டு நிமிடத்தில் கறையில்லாமல் காய்ந்துவிட்டது. காற்று இலவசம், காற்று பிடிக்கும் பையன் காசுக்குக் கை நீட்டுவதில்லை. கழிப்பறை பூட்டிக் கிடக்கவில்லை. பெண்கள் கழிப்பறைக்குச் சாவி கேட்டு நிற்க வேண்டியதில்லை என்று எதிர்வீட்டு அக்கா சொன்னார், அதைப் பெரிய மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்கிறேன். குடிநீர்க் குழாயடியில் மட்டும் எப்போதும் சேறு.

இவ்வளவு சொன்ன பிறகு இடத்தைப் பற்றிப் பேச வேண்டும். ஒரு பங்க்கை அதில் பெட்ரோல் போடுகிறவன் ஐந்து நிமிடம் பார்க்கிறான். பக்கத்தில் குடியிருப்பவன் நாள் முழுவதும் பார்க்கிறான். இணையத்தில் வரும் நட்சத்திரங்களெல்லாம் அந்த ஐந்து நிமிடத்துக்கானவை.

மரவாடி இருந்த இடத்தில் பங்க் வரப்போவதாகப் பேச்சு கிளம்பியபோது, எங்களில் யாருக்கும் விதி என்னவென்று தெரியாது. "வீடுகளுக்கு நடுவில் எப்படி விடுவார்கள்" என்பதே எங்கள் வாதமாக இருந்தது. மின்வாரியத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற எங்கள் தெருப் பெரியவர் ஒருவர்தான் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரி 7-ஆம் தேதி வெளியிட்ட வழிகாட்டு நெறிகளை அச்செடுத்து வந்தார். பள்ளிகள், பத்துப் படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ள மருத்துவமனைகள், உள்ளூர்ச் சட்டப்படி குடியிருப்பு என்று வரையறுக்கப்பட்ட பகுதிகள் ஆகியவற்றிலிருந்து புதிய பங்க் 50 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தத் தூரத்துக்கு இடமில்லை என்றால், வெடிபொருள் பாதுகாப்புத் துறை சொல்லும் கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு குறைத்துக்கொள்ளலாம். ஆனால் எந்த நிலையிலும் 30 மீட்டருக்குக் கீழே போகக் கூடாது. உயர் அழுத்த மின்கம்பி பங்க்குக்கு மேலே செல்லக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது.

கேட்கத் தெளிவாக இருக்கிறது, அளக்கப் போனால்தான் சிக்கல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கொத்தனாரிடம் இரவல் வாங்கிய 30 மீட்டர் டேப்போடு நான்கு பேர் போனோம். சுற்றுச்சுவரிலிருந்து அளந்தபோது முதல் வீடு 11 மீட்டரில் வந்தது. வென்றுவிட்டோம் என்று நினைத்தோம். பிறகு பெரியவர் தாளை மறுபடி படித்தார். தூரத்தைச் சுவரிலிருந்து அளப்பதில்லை. தொட்டியை நிரப்பும் வாய், பம்பு, ஆவி வெளியேறும் குழாய் ஆகிய மூன்றில் எது அருகில் இருக்கிறதோ அதிலிருந்து அளக்க வேண்டும். வரைபடத்தில் அந்தக் குழாய் இருக்கப் போகும் மூலையில் ஒருவர் நின்றுகொண்டார், இன்னொருவர் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு முதல் வீட்டின் திண்ணை வரை போனார், டேப் முடிந்த இடத்தில் செங்கல் வைத்து மீண்டும் பிடித்தோம். 36 மீட்டர். தொடக்கப் பள்ளியின் வாசல் 58 மீட்டர். அதாவது பள்ளியை வைத்து எதிர்க்க முடியாது. வீடுகளை வைத்து எதிர்த்தால், கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடு என்ற ஒரே வரியில் பதில் முடிந்துவிடும்.

அதற்கும் அவசியமில்லாமல் போயிற்று. பெட்ரோலிய விதிகள் 2002-இன்படி பங்க்குக்கு உரிமம் வெடிபொருள் பாதுகாப்புத் துறை தந்தாலும், அதற்கு முன் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். காவல் ஆணையரகம் உள்ள நகரங்களில் ஆணையர் தரப்பிலும், மற்ற இடங்களில் மாவட்ட ஆட்சியரிடமும் அதைப் பெற வேண்டும். குடியிருப்பவர்கள் எதிர்ப்பைப் பதிவு செய்ய வேண்டிய கட்டம் அதுதான். கட்டடம் எழும்பிய பிறகு கூடி நின்று கோஷம் போடுவதில் பயன் குறைவு. நாங்கள் மனு கொடுத்தோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு முப்பதாவது நாள் வந்த பதிலில், சாலையை ஒட்டிய மனைகள் திட்ட வரைபடத்தில் வணிகப் பகுதியாக இருப்பதாக எழுதியிருந்தார்கள். வரைபடத்தில் வணிகம், தரையில் கோலம் போட்ட வாசல்கள். விதியில் உள்ள "உள்ளூர்ச் சட்டப்படி வரையறுக்கப்பட்ட" என்ற மூன்று சொற்கள் எவ்வளவு பெரிய கதவு என்பது அன்று புரிந்தது. உங்கள் பகுதியில் இப்படி ஒரு பேச்சு அடிபட்டால், டேப்பை எடுப்பதற்கு முன் உங்கள் மனை எந்த நிறத்தில் வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள்.

இனி, எதற்காக இத்தனை மீட்டர் கணக்கு என்று கேட்பவர்களுக்காக ஒரு காட்சி. டேங்கர் லாரி வரும் இரவுகளில் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பங்க்கின் பின்பகுதி முழுவதும் தெரியும். லாரி வந்து நின்றதும் எஞ்சினை அணைக்கிறார்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைக்கிறார்கள். நிலைமின்சாரம் தீப்பொறியாகாமல் இருக்க லாரியின் உடம்பில் தாமிரக் கம்பியைக் கவ்வ வைக்கிறார்கள். சிவப்புத் தீயணைப்பான்களை இரு பக்கமும் நிறுத்துகிறார்கள். பிறகு அளவுக் கோலைத் தொட்டிக்குள் விட்டு எடுத்து, டார்ச் வெளிச்சத்தில் ஈரம் ஏறிய கோட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார்கள். அதன்பிறகுதான் குழாய். ஒழுங்கான வேலை, ரசித்துப் பார்க்கலாம். குழாய் திறந்த ஐந்தாறு நிமிடத்தில், காற்று எங்கள் பக்கம் வீசும் இரவாக இருந்தால், அந்த வாடை படியேறி வந்துவிடும். காரணம் எளிது. நிலத்தடித் தொட்டியில் காலியாக இருக்கும் இடம் வெறும் இடமல்ல, அதில் பெட்ரோல் ஆவி நிறைந்திருக்கிறது. மேலிருந்து 12,000 லிட்டர் பெட்ரோல் இறங்கினால், அதே 12,000 லிட்டர் ஆவி கலந்த காற்று எங்கேயாவது போயாக வேண்டும். அதை லாரிக்கே திருப்பி அனுப்பும் குழாய் இணைப்பு இருந்தால் லாரிக்குள் போகும். இல்லையென்றால் நான்கு மீட்டருக்குக் குறையாத அந்த ஒல்லிக் குழாய் வழியாகத் தெருவுக்கு வரும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போய்க் கலைந்துவிடும் என்று நினைப்பது தவறு, இறங்கித்தான் பரவும்.

வண்டியின் டேங்கில் போடும்போதும் இதே கதை சிறிய அளவில் நடக்கிறது. நாசிலிலேயே ஆவியை உறிஞ்சித் தொட்டிக்குத் திருப்பும் ஏற்பாடு இதற்கு மாற்று. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரங்களில் மாதம் 100 கிலோலிட்டருக்கு மேல் பெட்ரோல் விற்கும் புதிய பங்க்குகளும், ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர்களில் 300 கிலோலிட்டருக்கு மேல் விற்பவையும் ஆவி மீட்பு ஏற்பாட்டை நிறுவ வேண்டும் என்று அதே 2020 நெறிமுறை சொல்கிறது. எங்கள் பங்க் முதல் வகையில் வரும் என்பது என் கணக்கு. 100 கிலோலிட்டர் என்பது நாளொன்றுக்கு ஏறக்குறைய 3,300 லிட்டர். வண்டிக்கு மூன்று லிட்டர் என்று வைத்தால் 1,100 வண்டிகள். ஒரு புதன்கிழமை மாலை 6 முதல் 8 வரை மாடியில் நாற்காலி போட்டு எண்ணினேன். இரண்டு மணி நேரத்தில் 340 இரு சக்கர வாகனங்கள், 90 கார்கள். மீதி நேரத்தை நீங்களே கூட்டிக்கொள்ளலாம். நாசில்களில் உறிஞ்சும் ஏற்பாடு இருப்பதாக மேலாளர் சொல்கிறார். நாசிலைச் சுற்றி மடிப்பு மடிப்பாக ரப்பர் உறை இருப்பதை நானும் பார்க்கிறேன். ஆனால் அவசரத்தில் பாதிப் பேருக்கு அதை டேங்கின் வாயில் அழுத்திப் பிடிக்காமலேயே போடுகிறார்கள்; இரு சக்கர வண்டியின் வாய்க்கு அது சரியாகப் பொருந்துவதும் இல்லை. உறை பொருந்தாத இடத்தில் ஏற்பாடு இருந்தும் இல்லாததற்குச் சமம்.

வாடை வந்தால் என்ன, சமையலறையில் கேஸ் வாடை வருவதில்லையா என்று ஒரு நண்பர் கேட்டார். பெட்ரோலில் பென்சீன் இருக்கிறது. அது புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதில் மருத்துவ உலகில் இரண்டாம் கருத்து இல்லை. 2020 ஏப்ரலில் நாடு முழுவதும் வந்த பிஎஸ் 6 பெட்ரோலில் அது நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது; காற்றில் ஆண்டுச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்பது நம் நாட்டின் வரம்பு. அமெரிக்காவில் இரண்டு பெரிய நிலையங்களின் ஆவிக் குழாய்களில் நேரடியாக அளந்து 2018-இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவு எங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமானது: தூர விதிகளை வகுக்கப் பயன்படுத்திய பழைய மதிப்பீட்டைவிடப் பத்து மடங்குக்கு மேல் ஆவி வெளியேறியது, அதில் ஒரு நிலையத்தின் கணக்கில் 160 மீட்டர் தொலைவிலும் பென்சீன் கலிஃபோர்னியாவின் குறுகிய நேர வரம்பைத் தாண்டக்கூடும் என்று தெரிந்தது. அங்கே தட்பவெப்பமும் கருவியும் வேறு. அந்த எண்ணை அப்படியே எங்கள் தெருவுக்குக் கொண்டுவர மாட்டேன். ஆனால் 36 மீட்டர் என்று அன்று அளந்த திண்ணையில் உட்கார்ந்து அதைப் படித்தபோது நிம்மதி வரவில்லை.

எங்களைப் போல் எதிர்த்தவர்கள் உலகில் வேறு எங்கும் இல்லை என்பது போல் ஓர் அதிகாரி பேசினார். அமெரிக்காவின் மேரிலாந்தில், வீட்டன் என்ற இடத்து வணிக வளாகத்தில் காஸ்ட்கோ நிறுவனம் 16 பம்புகளோடு, ஆண்டுக்கு 1.2 கோடி கேலன் வரை விற்கும் நிலையம் கட்ட விண்ணப்பித்தபோது, பக்கத்தில் குடியிருந்தவர்கள் சங்கமாகத் திரண்டு ஆண்டுக்கணக்கில் விசாரணையில் வாதாடினார்கள். மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளுக்கான பள்ளி ஒன்று அருகில் இருந்தது அவர்களுடைய வாதங்களில் ஒன்று. கடை வந்தது, பெட்ரோல் நிலையத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. கலிஃபோர்னியாவின் பெட்டலூமா நகரத்திலும் பள்ளிக்கு எதிரே வரவிருந்த ஒரு நிலையத்தை எதிர்த்து ஆரம்பித்த சண்டை நீண்டது. 2021-இல் அந்த நகரமே இனிப் புதிய பெட்ரோல் நிலையம் வேண்டாம் என்று தடை போட்டது. இதைச் சொன்னபோது அந்த அதிகாரி, "அது அமெரிக்கா சார்" என்றார். பென்சீனுக்குக் குடியுரிமை பார்க்கத் தெரியுமா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை.

உடல்நலத்தை விட்டுவிட்டால் அன்றாடத் தொல்லை வரிசைதான். உள்ளே நுழையும் வழியும் வெளியேறும் வழியும் ஒரே சாலையில் இருப்பதால், விலை உயரப் போகிறது என்று வாட்ஸ்அப்பில் செய்தி சுற்றும் மாலைகளில் கார்கள் சாலையின் பாதிவரை நிற்கின்றன. எஞ்சினை யாரும் அணைப்பதில்லை. பள்ளி விடும் நேரத்தில் அது வந்தால், பிள்ளைகள் வண்டிகளுக்கு நடுவே புகுந்துதான் சாலையைக் கடக்க வேண்டும். இரவு முழுவதும் கூரை விளக்குகள் எரிவதால் முதல் இரண்டு வீடுகளில் படுக்கையறைச் சன்னலுக்குக் கறுப்புத் திரை போட்டிருக்கிறார்கள். காற்றழுத்த இயந்திரம் விடியற்காலை 5 மணிக்கு உறுமும்.

எதிர்த்ததால் ஒன்றுமே கிடைக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. பின்சுவரை ஆறடியிலிருந்து பத்தடிக்கு உயர்த்தினார்கள். ஆவிக் குழாயை முதலில் வரைந்திருந்த மூலையிலிருந்து சாலைப் பக்கம் மாற்றினார்கள். இப்போது அளந்தால் முதல் வீட்டுக்கு 47 மீட்டர் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை டேப் பிடித்ததற்குக் கிடைத்த 11 மீட்டர் அது. பகலில் வந்துகொண்டிருந்த டேங்கர் லாரி இரவு 10 மணிக்குப் பிறகுதான் வருகிறது. அதனால் பிள்ளைகளுக்கு நன்மை, தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது நாங்களே இதைத்தான் கேட்டோம். எங்கள் தெருவில் இன்னும் பாதி வீடுகள் ஆழ்துளைக் கிணற்றை நம்பி இருக்கின்றன. நிலத்தடித் தொட்டியில் கசிவு இருக்கிறதா என்று கண்காணிக்கும் கருவியின் பதிவை ஆறு மாதத்துக்கு ஒருமுறை காட்டுவதாக ஒப்புக்கொண்டார்கள். இதுவரை ஒருமுறை காட்டியிருக்கிறார்கள்.

எல்லாரும் எங்கள் பக்கம் இல்லை என்பதையும் எழுத வேண்டும். முனையில் ஆட்டோ நிறுத்தும் தம்பிகளுக்கு முன்பு பெட்ரோல் போட நான்கு கிலோமீட்டர் போக வேண்டியிருந்தது. அவர்கள் மனுவில் கையெழுத்திட மறுத்தார்கள், மறுத்தது நியாயம். டீக்கடைக்கு வியாபாரம் கூடியிருக்கிறது. இரவில் தனியாக வரும் பெண்களுக்கு அந்த வெளிச்சம் தைரியம் தருகிறது என்று எதிர்வீட்டு அக்கா சொல்கிறார். கறுப்புத் திரை போட்ட வீட்டுக்காரர் அதைக் கேட்டு ஒன்றும் பேசவில்லை.

பெட்ரோல் போட வருகிறவனாக ஐந்துக்கு நான்கு தருகிறேன். குறைத்த ஒன்று சேற்றுக்கும் வரிசைக்கும். அண்டை வீட்டுக்காரனாக ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் உயர்த்திய சுவருக்கும் நகர்த்திய குழாய்க்கும்தான்.

போகிறவர்களுக்கு: காலை 7 மணிக்கு முன்போ பகல் 2 மணிவாக்கிலோ போங்கள், வரிசை இருக்காது. பிற்பகல் 3.45 முதல் 4.30 வரை பள்ளி விடும் நேரம், அப்போது தவிர்த்துவிடுங்கள். வரிசையில் நிற்க நேர்ந்தால் எஞ்சினை அணையுங்கள். இடது ஓரத்து பம்பில் நிற்கும் பெண் ஊழியர் ரப்பர் உறையை டேங்கின் வாயில் பொறுமையாக அழுத்திப் பிடித்துத்தான் போடுகிறார்; அரை நிமிடம் கூடுதலாகும், நான் அந்த வரிசையில்தான் நிற்கிறேன்.